கேஸ் தீர்ந்துபோவதில்லை: செம்பரம்பாக்கம் நெடுஞ்சாலைப் பகுதியில் பழைய கார்களின் ஏசி குளிர்க்குறை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம் என்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கி ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலையில், பங்குனி பாதியிலேயே கார் ஏசி பார்க்கும் பட்டறைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வண்டியை விட்டு இறங்குகிறவர் நோயையும் மருந்தையும் பெரும்பாலும் தாமே சொல்லிவிடுகிறார்: "கேஸ் தீந்துபோச்சு தம்பி, போட்டு விடுங்க." பட்டறைக்காரருக்கும் அது வசதி. கேனைச் செருகினால் அரைமணியில் வேலை முடியும், காசும் கைக்கு வரும். அடுத்த சித்திரையில் அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும்.

ஏசிக்குள் சுற்றும் வாயு பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் இல்லை. அடைத்த குழாய்ச் சுற்றுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் மேலே ஊற்றுவது வீண். இதைக்கூடப் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளத் தயங்குவது இன்னொன்று: இந்தப் பகுதியில் குளிர் குறைந்து வரும் பழைய வண்டிகள் பலவற்றில் வாயு சரியாகவே இருக்கிறது. உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல்தான் ஏசி திணறுகிறது. ஆகவே ஆராயும் வரிசை காற்று, கன்டென்சர், அழுத்தம், கசிவு என்று போக வேண்டும்; வாயு நிரப்புவது கடைசி வேலை. இக்கட்டுரை நிறுவ முயல்வது அந்த வரிசையைத்தான்.

எடுத்துக்கொண்ட வண்டிகள் ஏறத்தாழப் பத்து முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள சிறு கார்கள்: சான்ட்ரோ, இண்டிகா, வேகன் ஆர், ஜென், பழைய ஸ்விஃப்ட் போன்றவை. திருகு குமிழ் ஏசி, ஆர்-134ஏ வாயு, எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர். தானியங்கி வெப்பநிலைக் கட்டுப்பாடு, மின்சாரக் கார் ஆகியவை இதில் அடங்கா.

2. வண்டியும் வாயுவும்: சுருக்கமான வரலாறு

தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய முதல் கார்களை அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940 மாடலாக விற்றது. குளிரூட்டும் காயில் பின்னால் டிக்கியில் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று பட்டனைத் தட்டியதும் 'டக்' என்று ஒட்டுகிற மேக்னட் கிளட்ச் எவ்வளவு பெரிய வரம் என்பது அதைப் படித்தால் தெரியும். அந்தக் கிளட்சே பழைய வண்டியில் எப்படிக் காலை வாரும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கார் ஏசிகளில் முன்பு ஓடிய ஆர்-12 என்ற வாயு 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக உருவாக்கியது. தீப்பிடிக்காது, நச்சில்லை, விலையும் குறைவு. ஓசோன் படலத்தை அது தின்கிறது என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. கார்களில் ஆர்-12 இருந்த இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது.

நம் பகுதிக்கு இந்தக் கதை அந்நியமில்லை. செம்பரம்பாக்கத்துக்குச் சற்று மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் எழுந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏசி கார் எட்டிய பொருளானது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். அந்த வண்டிகளில் இன்னும் ஓடுபவை பல. தனியார் கார் 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. பார்த்து ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால், எஞ்சின் திடமாக இருக்கும் வண்டியை யாரும் கழிப்பதில்லை. எஞ்சின் திடமாகத்தான் இருக்கிறது. முதலில் தளர்வது ஏசி.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவி வெப்பமாதலில் கரியமில வாயுவைப்போல ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் வீரியம் உடையது. அதனால் 2016-இல் கிகாலித் திருத்தம் வந்தது; இந்தியா 2021-இல் ஏற்றது. நமக்கான கால அட்டவணைப்படி 2028-இல் இவ்வகை வாயுக்களின் பயன்பாடு ஓர் உச்சவரம்பில் நிறுத்தப்பட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறையும். பழைய கார் வைத்திருப்பவருக்கு இதன் பொருள், வாயு நாளைக்கே கடையிலிருந்து மறைந்துவிடாது. என்றென்றைக்கும் மலிவாகவும் கிடைக்காது.

3. வெப்பக் கணக்கு: கடற்காற்று வரும் நேரம்

ஏசி இரண்டு வேலை செய்கிறது. காற்றைக் குளிர்விக்கிறது, காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றுகிறது. சென்னையில் இரண்டாவது வேலை முதலாவதைவிடப் பெரிது என்பதைக் கணக்குப் போட்டால்தான் நம்ப முடியும்.

வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கிலோவை 10 டிகிரிக்குக் கொண்டுவர, வெறும் சூட்டைக் குறைக்க மட்டும் சுமார் 25 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ 14 கிராம் தண்ணீர் இறங்கும்; அந்தத் தண்ணீரை இறக்க மட்டும் 34 கிலோஜூல். ஆக மொத்தம் 60-க்கு அருகே. இப்போது வெளிக்காற்றை மூடிவிட்டு, உள்ளே ஏற்கெனவே 27 டிகிரிக்கும் 50 சதவீத ஈரத்துக்கும் வந்துவிட்ட காற்றையே திரும்பச் சுழற்றினால், அதே ஒரு கிலோவுக்கு 26 கிலோஜூல் போதும். பாதிக்கும் குறைவு.

உட்காற்றுச் சுழற்சிக்கான நெம்புகோல் பழைய வண்டிகளில் கம்பியால் இழுபடுவது. கம்பி அறுந்தோ, கொக்கி கழன்றோ, உள்ளே இருக்கும் தட்டு பாதியில் நின்றுபோயிருக்கும். ஓட்டுபவர் நெம்புகோலை மூடிய பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருப்பார். தட்டு திறந்தே கிடக்கும். அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை கேன் வாயு போட்டாலும் பாதிச் சுமை வெளியிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

இடத்தின் குணமும் உண்டு. கோடையில் நண்பகலையொட்டிக் கரையைத் தொடும் கடற்காற்று நுங்கம்பாக்கத்தைக் குளிர்வித்த பிறகு மேற்கே நகர்ந்து பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பக்கம் வர நேரமாகும். வராத நாளும் உண்டு. அந்த நாட்களில் மேற்குப் புறநகர் தனியாக வேகும். அது வந்துவிட்டாலோ வெயில் தணிந்து ஈரம் ஏறும். பகலில் சூட்டோடு போராடிய ஏசி மாலையில் ஈரத்தோடு போராடும். 'வெயில் இறங்கியும் ஏசி ஏறவில்லையே' என்று மாலை வேளையில் அலுத்துக்கொள்பவர்கள் ஈரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்தில் பெரிய ஏரி இருப்பதால் இங்கே குளுமை என்று நினைப்பவர்களை அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் இந்தச் சாலையில் நிற்கவைத்துப் பார்க்கலாம்.

4. முதற்சோதனை: உள்ளே வரும் காற்று

முதற்சோதனைக்கு வேண்டியது ஒரு சிறு டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும். நிழலில் வண்டியை நிறுத்தி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, உட்காற்றை மூடி, பிளோயரை இரண்டாம் வேகத்தில் விட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் பத்து நிமிடம் பிடித்து, நடுத் துவாரத்தில் வெப்பநிலை பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் 10 டிகிரியை ஒட்டி நின்றால் குறை சொல்ல இடமில்லை. 18-க்கு மேல் நின்றால் சிக்கல் உண்டு. துவாரத்தில் 9 டிகிரி காட்டியும் வண்டி குளிரவில்லை என்றால், வாயுவைப் பற்றிப் பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். குளிர் உண்டாகிறது, போதிய அளவு காற்று வரவில்லை, அல்லது எங்கோ சூடு கலக்கிறது.

காற்று குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் எப்போதும் நனைந்திருக்கும் பொருள். தூசு வந்தால் ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டிகள் சிலவற்றில் கேபின் ஃபில்டரே இல்லை. உள்ளவற்றில் மாற்றியவர் யார்? வேப்ப மரத்தடியில் நிறுத்திய வண்டியில் கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரம் வழியாக வேப்பம்பூவும் காம்பும் பிளோயர் வரைக்கும் போய்விடுகின்றன. காயிலிலிருந்து தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் அதே குப்பையால் அடைத்துக்கொண்டால், முன்னால் உட்கார்ந்திருப்பவர் காலில் தண்ணீர் சொட்டும். வண்டிக்கு அடியில் தாரையாகத் தண்ணீர் ஒழுகுவது நல்ல ஏசிக்கு அடையாளம். அதைப் பார்த்துப் பதறி ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பட்டறைக்கு வருகிறவர்களும் உண்டு.

சூடு கலப்பது வேறு கதை. எஞ்சினின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் காயில் அதே பெட்டிக்குள் இருக்கிறது. வெந்நீரை நிறுத்தும் வால்வோ, காற்றைப் பிரிக்கும் தட்டோ முழுதாக மூடாவிட்டால் குளிர்ந்த காற்று திரும்பச் சூடாகித்தான் வெளியே வரும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் எஞ்சின் சூடான பின் தொட்டுப் பார்த்து, ஒன்றைக் கிளாம்பால் இறுக்கினால், ஐந்து நிமிடத்தில் துவார வெப்பநிலை விழுகிறதா என்று தெரிந்துவிடும். விழுந்தால் நோய் பிடிபட்டது. சென்னையில் பல பட்டறைகள் ஹீட்டரை நிரந்தரமாகவே பைபாஸ் செய்துவிடுகின்றன. ஊட்டிக்குப் போகாத வண்டிக்கு அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மழைக்காலத்தில் கண்ணாடிப் பனியை நீக்க ஏசியே போதும்.

5. கன்டென்சர்: ஆய்வின் மையம்

ஒரு சிறு காரின் ஏசி சுமார் ஒரு டன் திறன் கொண்டது. பத்துக்குப் பத்து அறையில் மாட்டும் ஏசிக்கு நிகர். அது உள்ளிருந்து மூன்றரை கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது என்றால், கம்ப்ரஸர் செய்த வேலையும் வெப்பமாகச் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து கிலோவாட்டை முன்னால் இருக்கும் கன்டென்சர் வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள முடியாவிட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கம்ப்ரஸர் அதிகம் உழைத்துக் குறைவாகக் குளிர்விக்கும்.

இதற்கு ஓட்டுபவரே சாட்சி சொல்வார், கேட்கத் தெரிந்தால். பைபாஸில் ஓடும்போது குளிர்ந்து, நசரத்பேட்டை சந்திப்பிலோ பூந்தமல்லி நெரிசலிலோ நின்றதும் சூடான காற்று வந்தால், குற்றவாளி கன்டென்சர் அல்லது அதன் விசிறி. ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்கிறது. நிற்கும்போது விசிறி மட்டுமே. வண்டியில் ஏறும்போது நன்றாகக் குளிர்ந்து அரைமணி கழித்துக் காற்றே குறைந்தால் காயிலில் பனி கட்டுகிறது. ஓடும்போதும் நிற்கும்போதும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் மட்டும் வாயுக் குறைவைச் சந்தேகிக்கலாம்.

இந்த நெடுஞ்சாலையின் கன்டென்சரைக் கழற்றிப் பார்ப்பது தனி அனுபவம். எதிர்ப்படுபவை மணல் லாரி, ஜல்லி லாரி, கன்டெய்னர். முன்பக்கத் தகடுகளில் பூச்சி உடல்களும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம்: கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே விரல் நுழையாத சந்தில் தூசும் நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர்கள் அந்தப் படலத்தை இன்னும் உள்ளே தள்ளுகிறார்கள். பம்பரைக் கழற்றி, ரேடியேட்டரைச் சற்றுச் சாய்த்து, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். அதிவேக வாட்டர் வாஷ் ஆகாது; காகிதம் போன்ற அலுமினியத் தகடுகள் மடங்கி, அழுக்கு அடைத்ததைவிடக் கெடுதலாகிவிடும்.

ஒரு பழைய சான்ட்ரோவில் நடந்ததை இங்கே சொல்வது பொருந்தும். உரிமையாளர் ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தைய கோடையிலும் வாயு போட்டிருந்தார். நின்ற நிலையில் எஞ்சின் ஓட, அழுத்தக் கேஜின் மேல்பக்க முள் 300 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி நின்றது. மெக்கானிக் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து கிரில் வழியாகக் கன்டென்சர் மீது வீசினார். முள் கண் முன்னே 200-க்கு இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர், "வருது, வருது" என்றார். தண்ணீர் காய்ந்ததும் முள் மறுபடி ஏறியது. "கேஸ் கரெக்டா இருக்கு சார், காத்துதான் பத்தலை" என்று சொல்லி மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், விசிறியின் கனெக்டரில் 11-க்கும் கீழே. ரிலேயின் முனைகள் கருகியிருந்தன, எர்த் ஒயரின் தாமிரம் பச்சை பூத்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சுற்றுகிறதே என்று அதற்கு முன் பார்த்தவர்கள் விட்டுவிட்டார்கள். என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ரிலே, ஒரு புது எர்த் ஒயர், கன்டென்சர் கழுவல். வாயுவைத் தொடவே இல்லை.

விசிறியில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. பழுதுபார்த்தபோது ஒயரை மாற்றிக் கொடுத்ததால் விசிறி தலைகீழாகச் சுற்றுவதுண்டு. கிரில் முன் ஒரு தாளைப் பிடித்தால் உள்ளே ஒட்ட வேண்டும், பறக்கக் கூடாது. விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, ரேடியேட்டர் ஓரத்து ஃபோம் பட்டைகள் உதிர்ந்திருந்தாலோ, எஞ்சினின் சூடான காற்று பக்கவாட்டில் சுற்றி மறுபடி முன்னாலேயே வந்துவிடும். சிறிய ஆக்ஸிடென்டுக்குப் பிறகு பாடி வேலை முடித்த வண்டிகளில் இந்தப் பட்டைகளை நான் அதிகம் கண்டதில்லை.

6. கேஜ் சொல்வதும் சொல்லாததும்

காற்றும் கன்டென்சரும் சரியான பிறகே கேஜைப் பொருத்துவதில் பொருள் உண்டு. முதலில் ஒரு பரவலான ஏமாற்றத்தை நீக்கிவிட வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜைப் பொருத்தி, "பாருங்க, 110 இருக்கு, கேஸ் ஃபுல்" என்று காட்டுவது. குளிர்ந்து நின்ற வண்டியில் அந்த எண் வெளி வெப்பநிலையைத்தான் சொல்கிறது. ஆர்-134ஏ 35 டிகிரியில் சுமார் 114 பி.எஸ்.ஐ. காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே 114. ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும் வரை அளவைப் பற்றி அது வாய் திறக்காது. ஆனால் வேறொன்றைச் சொல்லும்: இரவெல்லாம் நின்ற வண்டியில் 35 டிகிரிக்கு 140 காட்டினால் உள்ளே காற்று கலந்திருக்கிறது, அல்லது வேறு வாயு.

ஓடும்போது படிக்க வேண்டியது இரு முட்களையும் சேர்த்து. நம் வெயிலில் கீழ்பக்கம் 30 முதல் 45, மேல்பக்கம் 200 முதல் 250 என்பது ஏற்கத்தக்கது. இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயுக் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கன்டென்சர் அடைப்பு, விசிறித் தளர்வு, காற்றுக் கலப்பு, அல்லது முந்தைய பட்டறை அளவுக்கு மேல் அடைத்த வாயு. இந்த நான்காவதை நான் அடிக்கடி சந்தேகிப்பேன். கீழ்பக்கம் உயர்ந்து மேல்பக்கம் தாழ்ந்தால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. கீழ்பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே வேக்கத்துக்குப் போனால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ ஈரம் உறிஞ்சும் ட்ரையரிலோ அடைப்பு. ட்ரையரின் இருபுறமும் கை வைத்தால் ஒருபுறம் சூடும் மறுபுறம் குளிருமாக இருக்கும்.

கேஜுக்கு எட்டாத நோய் ஒன்று உண்டு. அரைமணி ஓடியதும் கம்ப்ரஸர் தானாக நின்று, வண்டி ஆறியதும் மறுபடி வேலை செய்யும். மேக்னட் கிளட்சின் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கம். தேய்ந்து தேய்ந்து இடைவெளி அகன்றால், சூடேறிப் பலம் குறைந்த காந்தச் சுருளால் தட்டை இழுத்துப் பிடிக்க முடியாது. தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் தீர்ந்தது. இதற்காகப் புதுக் கம்ப்ரஸர் விலை சொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

7. கசிவும் நிரப்பலும்

வாயு குறைவு என்று உறுதியான பிறகு கேட்க வேண்டியது, எங்கே என்பது. சுற்றுக்குள் வாயுவோடு எண்ணெயும் ஓடுகிறது. கசியும் இடத்தில் எண்ணெய் ஈரம், அதில் ஒட்டிய தூசு. குழாய் இணைப்புகள், கன்டென்சரின் கீழ்விளிம்பு, கம்ப்ரஸரின் மூக்கு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி தெரியும். வாயு செருகும் வால்வின் ஊசியில் சோப்பு நுரை வைத்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். கம்ப்ரஸர் தண்டின் சீல் எண்ணெயால் நனைந்திருந்தால்தான் இறுகும். மார்கழி, தை முழுக்க ஏசியைப் போடாமல் வைத்தால் காய்ந்து கசியும். குளிர்காலத்திலும் வாரம் ஒரு பத்து நிமிடம் ஏசி ஓட வேண்டும் என்பது இதனால்தான்.

வேக்கம் போட்டுவிட்டு, "அரைமணி முள் அசையலை, லீக் இல்லை" என்று சொல்வதை முழுதாக நம்புவதற்கில்லை. வேக்கத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.க்கு உட்பட்டது, ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200-க்கு மேல். நைட்ரஜனை 150 அளவில் அடைத்து ஒரு மணி நேரம் வைப்பதுதான் நேர்மையான சோதனை. கூலிங் காயிலில் கசிவு என்றால் டேஷ்போர்டை இறக்க வேண்டும். அந்த வேலையைச் சோம்பலால் தவிர்ப்பதே வருடா வருடம் வாயு போடும் வழக்கத்தின் பாதி வரலாறு.

வேக்கத்தின் உண்மையான வேலை ஈரத்தை விரட்டுவது. உள்ளே நுழைந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். தண்ணீர் 35 டிகிரியில் கொதிக்க வேண்டுமானால் கேஜ் 28.3 அங்குல வேக்கத்தைத் தாண்ட வேண்டும். குளிர்நாட்டு மெக்கானிக்கைவிட நமக்கு இந்த ஒரு விஷயத்தில் வெயில் உதவி செய்கிறது. ஆனாலும் 27-இல் நிற்கும் தேய்ந்த பம்பை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஈரம் போகாது. 29-க்கு வந்து அரைமணி நிற்க வேண்டும்.

பிறகு எடை. பானெட்டின் கீழ் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். சிறு கார்களில் பொதுவாக அரைக் கிலோவைச் சுற்றி. காய்கறிக்கடைத் தராசு மாதிரி ஒரு டிஜிட்டல் தராசின் மேல் சிலிண்டரை வைத்து நிரப்பும் பட்டறையை நம்பலாம். கையால் குழாயைத் தொட்டு "சில்லுனு இருக்கு, போதும்" என்கிற பட்டறையில் நூறு கிராம் கூடுவதும் குறைவதும் சகஜம். கூடினாலும் குளிர் குறையும் என்பதை வாடிக்கையாளர் அறிவதில்லை. எண்ணெயிலும் அப்படியே. புதுக் கன்டென்சர் போட்டால் 30 மில்லி அளவில் பி.ஏ.ஜி. எண்ணெய் சேர்க்க வேண்டியிருக்கும். தாராளமாக ஊற்றினால் அது காயிலின் சுவரில் படிந்து வெப்பம் மாறுவதைத் தடுக்கும்.

8. மாற்று வாயு என்னும் ஆபத்து

வீட்டு சிலிண்டரின் எல்.பி.ஜி.யைக் கார் ஏசியில் ஏற்றினால் நன்றாகக் குளிரும். இது உண்மை, புரோப்பேனும் பியூட்டேனும் நல்ல குளிரூட்டிகள். ஆனால் கார் ஒன்றில் முதலில் அடிபடுவது கன்டென்சர். மோதலில் கிழிந்த குழாயிலிருந்து எரிவாயு சூடான எஞ்சின் மீது பீறிடும். காயில் கசிந்தாலோ அது கூடுவது ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மூடிய கூண்டுக்குள்.

போலி வாயு இன்னும் வஞ்சகமானது. 2011-இல் கப்பல் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து மூவர் இறந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த வாயுவை நிரப்பியிருந்தார்கள். அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கியது. கார் கம்ப்ரஸரும் அலுமினியம்தான். சீல் உடைந்த கேன், பேர் தெரியாத கேன், சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் கேன் ஆகியவற்றைத் தொடாமலிருக்க வேறு காரணம் வேண்டியதில்லை.

9. வெள்ளத்தில் நின்ற வண்டிகள்

24 அடி ஆழமும் 3.645 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1-இல் தொடங்கி விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, அடையாற்றின் இருகரையிலும் நின்ற கார்கள் முழுகின. அவற்றில் பல பின்னர் ஏலத்தில் கைமாறி, சுத்தம் செய்யப்பட்டு, மறுபடி ஓடுகின்றன. வாயுச் சுற்று மூடியது என்பதால் அதற்குள் தண்ணீர் போயிருக்காது. கெட்டவை சுற்றியுள்ளவை: கிளட்ச் பேரிங், பிளோயர் மோட்டார், விசிறி மோட்டார், ரிலே, கனெக்டர். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் பிளோயர் மோட்டாரை இறக்கச் சொல்லி அதன் அறையில் விரலைவிட்டுத் தடவிப் பார்க்கலாம். வண்டி முழுக்கப் பாலிஷ் போட்டவர்கள்கூட அந்த இடத்து வண்டலைத் துடைத்திருக்க மாட்டார்கள்.

10. எதுவரை செலவு செய்யலாம்

கழுவல், ரிலே, ஒயர், ஃபில்டர், ஹீட்டர் வால்வு, கிளட்ச் வாஷர் வரை யோசிக்காமல் செய்யலாம். கன்டென்சர் மாற்றுவதும் வண்டியை இன்னும் மூன்று கோடை ஓட்டுகிறவருக்குக் கட்டுபடியாகும். கம்ப்ரஸர் உள்ளேயே அரைத்துக்கொண்டு செத்திருந்தால் நின்று யோசிக்க வேண்டும். உலோகத் துகள் சுற்று முழுக்கப் பரவியிருக்கும். அதைக் கழுவி எடுக்காமல், ட்ரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றாமல் புதுக் கம்ப்ரஸரை மட்டும் வைத்தால் அதுவும் அதே வழியில் போகும். இன்றைய கன்டென்சர்களின் நுண்துளைகளைக் கழுவி மீட்பது பெரும்பாலும் நடக்காது. அதையும் மாற்ற வேண்டிவரும். அந்தக் கணக்கு சில பழைய வண்டிகளின் சந்தை மதிப்பையே எட்டிப் பிடிக்கும்.

புதுப்பேட்டைக்குப் போவது அப்போதுதான். புது உதிரிக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய உதிரிக்குப் புதுப்பேட்டை என்பது சென்னையின் எழுதாத சட்டம். பழைய கம்ப்ரஸர் வாங்கும்போது துவாரங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா, முன்தட்டைக் கையால் சுற்றினால் ஒரே சீராக அழுத்தம் தெரிகிறதா, சாய்த்தால் வரும் எண்ணெய் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்து, விரலில் மினுமினுத்தால் திருப்பி வைத்துவிடலாம். கிளட்சும் விசிறியும் அங்கே நல்லதாகவே அமையும். ட்ரையரை மட்டும் அங்கே வாங்கக் கூடாது: அதற்குள் ஈரம் உறிஞ்சுவதற்காக வைத்த மணிகள், திறந்து கிடந்த சென்னைக் காற்றிலேயே குடித்து நிறைந்திருக்கும்.